அண்ணனின் மின்னஞ்சல்களும் எழுத்துருச் சண்டையும்

போன மழையில் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஈரம் ஏறிவிட்டது. பழைய காகிதங்களையெல்லாம் மொட்டை மாடியில் பரப்பி, மேலே செங்கல் வைத்துக் காயவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பிரெஞ்சா?" என்றாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. எழுத்தின் தலையில் கோடு, கூரை, அலை. 'சி'க்குக் கீழே வால். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட பிரெஞ்சு கிடையாது. முழுக்க முழுக்கத் தமிழ். 2000-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து என் அண்ணன் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் அது. பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தேன். அந்தக் கணினியில் உரிய எழுத்துரு இல்லாததால் தமிழ் இப்படி வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

இதை அவளுக்கு விளக்கப்போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் கைப்பேசியில் வாயால் சொன்னாலே தமிழ் எழுத்து விழுகிறது. "எழுத்துரு இல்லையென்றால் தமிழ் தெரியாதா?" என்று நம்பாமல் சிரித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். அவர்கள் தங்கள் கதையை நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் அண்ணனைப் பற்றி. என்னைவிட எட்டு வயது மூத்தவர். 1962 ஆகஸ்டு 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உடன்படிக்கையில் இருந்தது. அப்பா வேண்டாம் என்றார். இருபது வயது அண்ணன் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். அப்பா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. நான் இந்தியனாகவே இருந்து, புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2010-ல் ஓய்வுபெற்று, இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் பிரான்சில் தபால்-தந்தித் துறையில் வேலை பார்த்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் இயந்திரங்கள். புதிதாக எது வந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். சேர்த்து மாட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.

1992-ல் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு முறை பாரிஸ் போனேன். ஈஃபில் கோபுரத்தைவிட எனக்குப் பிடித்தது அவர் வீட்டு ஹாலில் இருந்த மினிடெல் பெட்டி. சின்னத் திரை, மடித்து மூடும் விசைப்பலகை, தொலைபேசிக் கம்பியில் இணைப்பு. 1982 முதல் பிரெஞ்சு அரசாங்கமே தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தது. தடித்தடியாக டைரக்டரி அச்சடித்துக் கொடுப்பதைவிட இது மலிவு என்பது கணக்கு. ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு எல்லாம் அதில். இணையம் என்ற சொல்லை நாம் கேள்விப்படுவதற்கு வெகு முன்னால். முகம் தெரியாதவர்கள் இரவெல்லாம் எழுத்தில் அரட்டை அடிக்கும் சேவைகளும் இருந்தன. அவற்றின் விளம்பரம் பாரிஸ் சுவர்களில் கொஞ்சம் வெட்கமில்லாமலே ஒட்டியிருக்கும். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பில் ஏறும். அண்ணி அந்தப் பெட்டியைக் கண்டாலே முறைப்பார்கள்.

எனக்கு அதில் ஆச்சரியம் வேறு. அந்தச் சின்னத் திரையில் பிரெஞ்சு எழுத்துகள் அத்தனையும் தலைக்கோடு, வால் எல்லாவற்றோடும் சரியாக விழுந்தன. "தமிழ் வருமா அண்ணா?" என்று கேட்டேன். "நம்ம கவர்ன்மென்ட் செஞ்சிருந்தா வரும்" என்றார். எந்த கவர்ன்மென்டைச் சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த மினிடெல் சேவையை 2012 ஜூன் 30-ஆம் தேதி பிரான்ஸ் நிறுத்திவிட்டது.

தமிழ் இயந்திரத்தில் ஏறிய கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு வழி போட்டவர். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்கவேண்டும். கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, புள்ளிக்கும் விசிறிக்கும் நகராத விசை வைத்தார். அழுத்தினால் குறி விழும், வண்டி நகராது. அதற்குமேல் எழுத்தை அடிக்க வேண்டும். நான் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தது அந்த முறையில்தான். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் கைக்கும் வரிசை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதனால்தான் சண்டை வரப்போகிறது.

(பிரெஞ்சு டைப்ரைட்டர் இன்னொரு கூத்து. அதில் எண் அடிப்பதற்கு ஷிப்ட் அழுத்த வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் அப்படியே. எங்கள் அலுவலகத்தில் பழைய இயந்திரம் ஒன்று மூலையில் கிடந்தது. அதில் சம்பளப் பட்டியல் அடித்தவன் விரல் என்ன பாடுபட்டிருக்கும்!)

கணினி வந்தபோது அதை நமக்குத் தகுந்தபடி திருப்பியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தனி மனிதர்கள். கனடாவில் கு. சீனிவாசன் 1980-களில் 'ஆதமி' என்ற செயலியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து சும்மா கொடுத்தார். 1998 பொங்கலில் மதுரைத் திட்டம் தொடங்கி பழைய நூல்களை இணையத்தில் ஏற்றியவரும் அவர்தான். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றிக் காட்டினார்; 1997-ல் அங்கே முதல் தமிழ் இணைய மாநாட்டையும் கூட்டினார். 1999-ல் காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியாவில் பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் என்ற மடற்குழுவில் உலகத் தமிழர்கள் தமிழிலேயே எழுதிச் சண்டை போட்டார்கள். அண்ணன் அதில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். அதில் ஒருவர் சொன்ன யோசனையில்தான் முரசு அஞ்சலைத் தன் கணினியில் ஏற்றி, எனக்கும் தமிழில் எழுதத் தொடங்கினார்.

அந்தக் காலத்துத் தந்திரம் இதுதான். கணினிக்கு அன்று 256 எழுத்துதான் தெரியும். முதல் பாதி ஆங்கிலம். இரண்டாம் பாதியில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளின் தலைக்கோட்டு எழுத்துகள். நமக்குப் பிரெஞ்சு எதற்கு என்று அந்த இரண்டாம் பாதியில் தமிழ்ப் படத்தை வைத்துவிட்டார்கள். கணினி இன்னும் அதைத் தலைக்கோட்டு எழுத்தென்றே நினைத்துக்கொண்டிருக்கும். நாம் எழுத்துருவை மாற்றிக் கண்ணை ஏமாற்றுகிறோம். எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் பேத்தி பார்த்த பிரெஞ்சு.

எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது? அங்கேதான் வினை. ஆளுக்கு ஓர் இடத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி எழுத்துரு. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'மூ' இருக்கும். இலங்கைப் பக்கத்துப் 'பாமினி' எழுத்துரு முதல் பாதியிலேயே, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே, தமிழை வைத்தது. அதில் 'தமிழ்' என்று எழுதி எழுத்துருவை எடுத்துவிட்டால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 1997 முதல் மடற்குழுவில் இருந்தவர்கள் கூடிப் பேசி ஒரு பொது ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பெயர் திஸ்கி. யாரும் ஆணை போடவில்லை. பல நாட்டில் இருந்தவர்கள் ராத்திரி கண்விழித்து, கடிதத்திலேயே வாதாடி உண்டாக்கியது. கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்த எனக்கு இது நம்பவே முடியாத காரியமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்ற மூன்று வருஷம் ஆனது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு தமிழ் இணைய மாநாடு கூட்டியது. 'தமிழ்99' விசைப்பலகை அதில்தான் பிறந்தது. நல்ல காரியம், இன்றைக்கும் நான் அதில்தான் அடிக்கிறேன். ஆனால் எழுத்துக் குறியீட்டுக்குத் தாம், தாப் என்று இரண்டு தரங்களை அரசு ஏற்றது. ஒன்று தமிழுக்கு மட்டும், மற்றது தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. ஏற்கெனவே திஸ்கியில் எழுதிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தமிழர் அதை விடவில்லை. ஆக, ஒற்றுமைக்காகக் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு தரங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. பத்திரிகைகள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. அரசு அலுவலகங்களிலோ வானவில் போன்ற எழுத்துருக்கள் தனியாகப் பரவின. அன்று நான் தமிழக அரசின் பக்கம் இருந்தேன். ஆணை என்றால் ஆணைதானே என்று அண்ணனுக்கு எழுதினேன். "எழுத்துருவுக்கு உன் சுற்றறிக்கை படிக்கத் தெரியாது தம்பி" என்று பதில் வந்தது.

இப்போது பேத்தி எடுத்த தாளுக்கு வருகிறேன். திஸ்கியை எழுத்துரு இல்லாமல் பார்த்தால் என்ன தெரியும் என்பது எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். 'ட' இருக்கும் இடத்தில் கால் என்ற பின்னக் குறி வரும். 'ண' அரை. 'த' முக்கால். 'க' என்பது பிரெஞ்சில் 'சி'க்குக் கீழே போடும் வால், சேதிய், அது மட்டும் அந்தரத்தில் தொங்கும். 'ள' வாலோடு கூடிய பெரிய 'சி'. 'ன' தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு போட்ட பெரிய 'ஈ'. 'ற' இடப்பக்கம் ஏறும் கோடு போட்டது. 'ர்' வகுத்தல் குறி. 'அ' பிரெஞ்சுக்காரர்கள் மேற்கோள் தொடங்கப் போடும் இரட்டை அம்புக்குறி. ஆகவே 'தமிழ்' என்ற சொல் முக்கால் என்று தொடங்கும். 'அண்ணன்' என்றால் மேற்கோள் தொடக்கம், அலை போட்ட ஸ்பானிய 'என்', அரை, கோடு போட்ட 'ஒய்'. கடிதத்தின் கடைசியில் இந்த நான்கு குறியைப் பார்த்தாலே நெஞ்சு குளிரும். எழுத்துரு இல்லாத கடையில்கூட, கடிதம் முடிந்துவிட்டது, அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சு எழுத்தின் வீட்டில் தமிழைக் குடிவைத்துவிட்டதால், தமிழ்க் கடிதத்துக்கு நடுவே பிரெஞ்சு எழுத முடியாது. 'எத்தே' என்றால் பிரெஞ்சில் கோடைகாலம். மூன்றே எழுத்து, முதலிலும் கடைசியிலும் தலைக்கோடு போட்ட 'ஈ'. அதைத் திஸ்கியில் எழுதினால் 'ளூ', நடுவில் ஆங்கில 'டி', மறுபடி 'ளூ' என்று வரும். அண்ணன் பேச்சிலோ நாலு வார்த்தைக்கு ஒரு பிரெஞ்சு வரும். தலைக்கோட்டை எடுத்துவிட்டு மொட்டையாக எழுதுவார். "மொழி இரண்டையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க முடியவில்லையே" என்று ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. ஆரம்பக் கடிதங்களில் 'இ' என்ற எழுத்தே இருக்காது. "ங்கே குளிர் அதிகம்", "ன்று லீவு" என்று வரும். தட்டச்சுப் பிழை என்று நானும் சும்மா இருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. திஸ்கியின் முதல் வடிவங்களில் 'இ'க்கு ஒதுக்கிய இடம், வரி முடிவில் சொல்லை ஒடிப்பதற்கான கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடம். கணினி அதைக் காட்டாமல் விழுங்கிவிடும். 1.7 என்ற பதிப்பில் 'இ'யை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகே இங்கேயும் இன்றும் திரும்பி வந்தன.

இதற்கிடையில் யூனிகோடு. உலகத்து மொழி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் என்பது அதன் ஏற்பாடு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழும் இருந்தது. ஆனால் இந்திய அரசின் இஸ்கி என்ற தரத்தைப் பார்த்து அமைத்ததால், தமிழுக்கு 128 இடம்தான். உயிர், அகர மெய், துணைக்குறி, புள்ளி, அவ்வளவே. 'கொ' என்பதற்குத் தனி இடம் கிடையாது. 'க' முதலில், பிறகு ஒகரக் குறி. அதைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது கணினியின் வேலை. டைப்ரைட்டரில் வளர்ந்த எங்களுக்கு இது அடுக்கவில்லை. கொம்பு முன்னால் நிற்கும்போது அதைப் பின்னால் அடிப்பதா? தமிழுக்கு எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று ஒரு கட்சி. இருப்பதை வைத்துக்கொண்டு மேலே போவோம் என்று ஒரு கட்சி. மடற்குழுக்களில் இதற்காக நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தமிழைக் காட்டிக்கொடுத்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். நான் முதல் கட்சியில் உறுதியாக இருந்தேன். இப்போது இல்லை. பேத்தியின் கைப்பேசி அந்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. எனக்குத் தெரியாமலே என் கட்சி கலைந்துவிட்டது.

ஆனால் அன்று அப்படிச் செய்யும் இயந்திரம் கையில் இல்லை. விண்டோஸ் 98-க்குத் தமிழ் யூனிகோடு சரியாக வராது. விண்டோஸ் 2000 தான் அதைக் கற்றுக்கொண்டு வந்தது. எக்ஸ்பி வந்தபோது உள்ளே எல்லாம் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டவுடன் மூல சிடியைக் கேட்கும். நம் ஊரில் கணினி வாங்கியவர்களில் எத்தனை பேரிடம் சிடி இருந்தது! நான் வாங்கிய கடையில் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்கு சார், போட்டுக் குடுத்துட்டோமே" என்றார் கடைக்காரர். ஒரு சிடிக்காகக் காரைக்காலில் நாலு கடை ஏறி இறங்கினேன்.

இந்தக் குழப்பத்திலும் கைகொடுத்தவர்கள் உண்டு. முகுந்தின் எ-கலப்பை வந்த பிறகு யூனிகோடில் நேராகத் தட்டச்ச முடிந்தது. சுரதாவின் மாற்றிப் பக்கத்தில் எந்தப் பழைய எழுத்துருவில் உள்ளதையும் ஒட்டி யூனிகோடாக எடுத்துக்கொள்ளலாம். 2003-லிருந்து தமிழ் வலைப்பதிவுகள் வந்தன. கோவைக்காரர் காசி ஆறுமுகம் 2004-ல் தமிழ்மணம் தொடங்கி எல்லோரையும் ஒரே பக்கத்தில் திரட்டினார். யூனிகோடு ஜெயித்தது மாநாட்டில் அல்ல, இந்த இலவசக் கருவிகளால்தான் என்பது என் எண்ணம்.

அண்ணன் 2004-ல் யூனிகோடுக்கு மாறினார். ஒரே சந்தோஷம். இரண்டு மொழியும் ஒரே திண்ணையில்! தலைக்கோடு, வால், கூரை எல்லாவற்றோடும் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழுக்கு நடுவே வேண்டுமென்றே தூவுவார். அந்தக் கடிதங்களை வழக்கமாகப் போகும் கடையில் படித்து அச்செடுத்துவிடுவேன். அங்கிருந்த பையன் சிடி சம்பாதித்துத் தமிழை எழுப்பிவைத்திருந்தான். அந்தத் தாள்கள் நன்றாகவே இருக்கின்றன.

காலத்தை ஒரு தாவு தாவி, திருப்பூருக்கு வருகிறேன். 2010 மே மாதம் ஓய்வு, ஜூனில் இங்கே குடிவந்தேன். அந்த மாதமே 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு, கூடவே உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு. காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். கூட்டத்தில் நசுங்கி, இணையக் கண்காட்சிக்குள் புகுந்து, பெயராக மட்டும் தெரிந்த ஆட்களைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தேன். ஜூன் 23-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. அது ஓடாத இடத்துக்கு மட்டும் டேஸ்-16 என்ற, எல்லா எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் குறியீடு. பதினோரு வருஷம் கழித்து ஆணை நடைமுறையின் பின்னால் வந்து சேர்ந்தது. அண்ணன் இருந்திருந்தால் என்னைக் கேலி செய்திருப்பார்.

அதே மாதம் ஆசையாக ஒரு தொடுதிரைக் கைப்பேசி வாங்கினேன். தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கடையில் கேட்டால், "இங்கிலீஷ்ல பாருங்க" என்றார்கள். பிறகு யாரோ எழுதியதைப் படித்து, ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்தில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் வரியை 'ஆம்' என்று மாற்றினேன். தமிழ் வந்தது. அன்று ராத்திரி மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குங்க மாமா" என்றாள் பாவம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு.

பனியன் ஊரிலும் இந்தப் பேய் என்னை விடவில்லை. மகன் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு கையில் ஒரு லேபிளோடு வந்தான். "அப்பா, இது பிரெஞ்சுதானே, சரியா இருக்கா?" பிரான்சுக்குப் போகும் டி-சர்ட்டின் வாஷ்கேர் லேபிள். 95 சதம் பருத்தி, 5 சதம் எலாஸ்தான். அந்த எலாஸ்தானின் முதல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அலை போட்ட 'ஏ'யும் பக்கத்தில் காப்புரிமை வட்டமும் நின்றன. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. யூனிகோடில் வந்த கோப்பை எங்கோ ஒரு கணினி பழைய முறையில் படித்திருக்கிறது. லேபிள் அடித்தாகிவிட்டது, பவர் டேபிளில் தைத்தும் ஆகிவிட்டது, செக்கிங்கில் ஒரு அக்காதான், "இதென்னங்க சார் ஒரு மாதிரி வட்டம் போட்டிருக்குது" என்று பிடித்திருக்கிறார். எழுத்துத் தெரியாத கண்ணுக்குத்தான் அது பட்டது. இரண்டு ராத்திரி லேபிளைப் பிரித்து மாற்றித் தைத்தார்கள். ஷிப்மெண்ட் தப்பியது. அந்த அக்காவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று மகனைக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தோம் என்றான்.

திஸ்கிக் கடிதங்களை மீட்டதும் திருப்பூரில்தான். பிளாப்பியில் இருந்ததைப் படிக்க இயந்திரம் கிடைக்கவில்லை. ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கடையில் பழைய கணினி வைத்திருந்தார்கள். பழைய பேஜ்மேக்கரில் யூனிகோடு வராது என்பதால், இந்தக் கடைகளில்தான் பழைய எழுத்துருக்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அங்கிருந்த தம்பி திரையைப் பார்த்தவுடன், "இது திஸ்கிங்கய்யா, பாமினி இல்லீங்க" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தான். வீட்டில் மாற்றியில் ஒட்டினேன். நாற்பத்தொரு கடிதம் வரிவரியாகத் தமிழாகி எழுந்து நின்றது. 'இ' மட்டும் ஆரம்பக் கடிதங்களில் இல்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

மீளாதது ஒன்று. அது அண்ணனின் கடைசிக் கடிதம், 2006 பிப்ரவரி. அன்று வழக்கமான கடை பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடைக்குப் போனேன். அங்கே எக்ஸ்பியில் தமிழ் தூங்கிக்கொண்டிருந்தது. கடிதம் முழுக்கக் கட்டங்கள். சரி, பிறகு படிக்கலாம் என்று நோட்பேடில் ஒட்டி பிளாப்பியில் சேமித்தேன். யூனிகோடு எழுத்துகள் அழிந்துபோகும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. முப்பத்தைந்து வருஷம் கோப்பில் கையெழுத்து வாங்கிப் பழகிய கை, படிக்காமலே 'ஓகே' அழுத்தியது. பெட்டி நிறைந்துவிட்டது என்று தினமும் மிரட்டிக்கொண்டிருந்ததால், நகல் எடுத்தாயிற்றே என்று அசலை அழித்தேன். பத்து நாளில் அண்ணி போன் செய்தார்கள்.

கோப்பு இன்னும் இருக்கிறது. திஸ்கியில் எழுதியிருந்தால் முழுசும் மீண்டிருக்கும். யூனிகோடில் எழுதியதால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிவிட்டது. அதிலிருந்து திரும்ப வழியே கிடையாது, எல்லோரையும் கேட்டுவிட்டேன். இடைவெளிகளும் எண்களும் பிரெஞ்சுச் சொற்களும் மட்டும் தப்பின. பழைய முறைக்கு அந்தத் தலைக்கோட்டு எழுத்துகள் தெரியும் அல்லவா. முதல் வரியில் ஐந்து கேள்விக்குறி, ஒரு கமா: 'தம்பி'. பிறகு வரிவரியாகக் கேள்விக்குறிகள். நடுவே கூரை போட்ட 'ஓ'வோடு மருத்துவமனை. கொஞ்சம் தள்ளி 'மார்தி 14', செவ்வாய்க்கிழமை. அதற்குக் கீழே, விமான டிக்கெட்டுக்கு பிரெஞ்சில் சொல்லும் 'பியே'. அதே வரியில் 'எத்தே', இரண்டு தலைக்கோடும் சரியாக. கோடையில் வருகிறேன் என்றாரா, வர முடியாது என்றாரா, என்னை வரச் சொன்னாரா என்று அந்த வரியின் கேள்விக்குறிகளை எண்ணி, சொற்களைப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். மூன்றும் பொருந்துகின்றன.

பேத்தி அந்தத் தாளையும் எடுத்துப் பார்த்தாள். கடைசி வரியில் விரலை வைத்து, "இது என்ன தாத்தா, ஆறு கேள்விக்குறி?" என்றாள். அ, ண, புள்ளி, ண, ன, புள்ளி என்று எண்ணிக் காட்டினேன்.